கடலோர மணலில் ஒரு ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம்: 2018 முதல் இன்றுவரை

ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் வைக்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது நிறத்தையும் வடிவத்தையும்தான். நான் அவர்களிடம் கேட்பது வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் கிணற்று நீர் தரையிலிருந்து எத்தனை அடி ஆழத்துக்கு ஏறி வருகிறது? இதற்கு விடை தெரியாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். ஃபைபர்கிளாஸ் குளம் என்பது கண்ணாடி இழையையும் பிசினையும் அச்சில் வார்த்து, ஒரே துண்டாகக் கொண்டுவந்து பள்ளத்தில் இறக்கும் தொட்டி. இந்தத் தொட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் பளபளப்பு அல்ல. அதைச் சுற்றியிருக்கும் மண்ணும், மண்ணுக்குள் ஏறி இறங்கும் நீரும்தான்.

எங்கள் வீடு சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூர்ப் பக்கம். மனைவிக்கு மூட்டுவலி அதிகமானபோது, நீருக்குள் நடப்பது நல்லது என்று மருத்துவர் சொன்னார். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் இந்தக் கரையின் அலையும் நீரோட்டமும் யாரையும் நம்பி இறக்கிவிடக்கூடியவை அல்ல. ஆகவே 2018 கோடையில் வீட்டின் பின்புறம் தொட்டியை இறக்கினோம். நீளம் 6 மீட்டர், அகலம் 3 மீட்டர், ஆழம் 1.2 மீட்டரில் தொடங்கி 1.5 மீட்டர் வரை. கொள்ளளவு ஏறத்தாழ 24,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு.

கான்கிரீட்டில் கட்டி டைல்ஸ் பதிப்பதுதான் நம் ஊரில் வழக்கம். அதில் விரும்பிய அளவும் ஆழமும் கிடைக்கும். ஃபைபர்கிளாஸில் அச்சு எந்த அளவில் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். இருந்தும் நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு டைல்ஸ் இடுக்குகள்தான் காரணம். அந்த இடுக்குப் பூச்சில்தான் பாசி வேர்பிடிக்கும். சில ஆண்டுகளில் பூச்சு கரையும். அதைச் சரிசெய்யக் குளத்தையே காலிசெய்ய வேண்டிவரும். ஃபைபர்கிளாஸ் சுவர் ஒரே வழவழப்பாக இருப்பதால் பாசி ஒட்டினாலும் மெதுவாகத் தேய்த்தாலே வந்துவிடும். மூட்டுவலிக்காரர் காலூன்றி இறங்க, தொட்டியோடு சேர்த்தே வார்த்த அகலப் படிகளும் இருந்தன.

வாங்கும்போது தொட்டியின் உட்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உள்ளே தெரியும் வண்ணப் படலம் ஜெல்கோட். அது மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அதற்குப் பின்னால் முதல் அடுக்காக எந்தப் பிசின் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். நீர் ஜெல்கோட்டையும் மெல்ல மெல்ல ஊடுருவும் தன்மை உடையது. பின்னால் இருப்பது சாதாரண பாலியெஸ்டர் பிசின் என்றால், சில ஆண்டுகளில் உள்ளே நீர் கோத்துக் கொப்புளம் கிளம்பும். வினைல் எஸ்டர் பிசின் அந்த ஊடுருவலைப் பெருமளவு தடுக்கும். முதல் அடுக்கு வினைல் எஸ்டர்தான் என்று எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தபோது வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பிசின் ஏறாமல் வெளிறிக் கிடக்கும் இழைகள் எங்கேயும் இல்லை. விற்பவர்கள் இதையெல்லாம் தாமாகக் காட்ட மாட்டார்கள், கேட்டால் காட்டுவார்கள்.

கொண்டுவருவது தனி வேலை. 3 மீட்டர் அகலம் சாதாரண லாரியின் அகலத்தைத் தாண்டும். தெருமுனை திரும்புமா, கிரேன் நிற்க இடம் உண்டா, மேலே மின்கம்பி போகிறதா என்று முன்பே அளந்துவிட வேண்டும். எங்கள் தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்கு மேலாகத் தூக்கி இறக்கினார்கள்.

பள்ளம் தோண்டியதும்தான் உண்மையான வேலை தொடங்கியது. கடலோர மணல் நிற்காது. தோண்டத் தோண்டப் பக்கங்கள் சரியும். தொட்டியைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தோண்டிய மண்ணாலேயே மூடிவிடலாம், தண்ணீர் விட்டால் இறுகிவிடும் என்றார் மேஸ்திரி. நான் சம்மதிக்கவில்லை. அந்த மண்ணில் வேரும் செங்கல் துண்டும் களிமண் கட்டியும் கலந்திருந்தன. அது ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் அமுங்கினால் சுவர் உள்வாங்கும், அல்லது பிதுங்கும். அடியில் நன்றாகத் தட்டிச் சமன்செய்த எம்-சாண்ட், பக்கங்களில் சிப்ஸ் ஜல்லி, ஜல்லிக்குள் மணல் புகாதபடி சுற்றிலும் வடிகட்டித் துணி என்று முடிவாயிற்று. ஜல்லி போடுவதும் தொட்டிக்குள் நீர் நிரப்புவதும் ஒன்றாகவே நடக்க வேண்டும்: உள்ளே ஒரு அடி நீர், வெளியே ஒரு அடி ஜல்லி. வெளியே முந்தினால் சுவர் உள்ளே வளையும். உள்ளே முந்தினால் வெளியே வளையும். மேல்விளிம்பைச் சுற்றிக் கம்பி கட்டிய கான்கிரீட் வளையம் போட்டார்கள். அது இல்லாமல் விட்டுச்செல்ல யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இனி அந்தக் கிணற்றுக் கேள்விக்கு வருகிறேன். தொட்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. நிலத்தடி நீர் தொட்டியின் அடிமட்டத்தைவிட அரை மீட்டர் மேலே ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தொட்டி காலியாக இருந்தால் கீழிருந்து அதைத் தள்ளும் விசை பல டன். கான்கிரீட் வளையத்தைப் பிளந்துகொண்டு தொட்டி ஓடம் போல மிதந்துவிடும். அது நடக்காமல் காப்பது உள்ளே இருக்கும் 24 டன் நீர்தான். ஆகவே ஆழமான பக்கத்தில், தொட்டிக்கு வெளியே, அடிமட்டம் வரை இறங்கும் ஒரு பிவிசி குழாயை ஜல்லிக்குள் நட்டுவைத்தோம். மூடியைத் திறந்து கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். தேவைப்பட்டால் அதே குழாய்க்குள் சிறிய மோட்டாரை இறக்கி இறைக்கலாம். மொத்தச் செலவில் இது மிகச் சிறிய தொகை. இது இல்லாமல் கடலோரத்தில் ஃபைபர்கிளாஸ் தொட்டி வைப்பது பெரிய ஆபத்து.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது குழாயில் நீர் தரைக்கு இரண்டு அடி கீழே வரை வந்துவிட்டது. தோட்டம் முழுவதும் தண்ணீர். குளம் நிரம்பி வழிகிறது, கொஞ்சம் இறைத்துவிடலாமே என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒரு வாளி கூட இறைக்கவில்லை. தொட்டி அசையவில்லை, விளிம்பில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. பம்ப் அறையை ஒன்றரை அடி உயர மேடையில் கட்டியிருந்ததால் மோட்டாரும் தப்பியது. மின்சாரம் இல்லாத நாட்களில் திரவக் குளோரினைக் கையால் ஊற்றி நீண்ட பிரஷ்ஷால் கலக்கிவிட்டோம். தேங்கிய நீரில் கொசு முட்டையிட நாள் பிடிக்காது. டெங்கு நடமாடும் ஊரில் அக்கம்பக்கத்தாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.

இதற்கு நேர்மாறான சோதனை 2019இல் வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஊரே டேங்கருக்குக் காத்திருந்த கோடை அது. அந்த நேரத்தில் வீட்டில் ஒரு குளம் நீரை வைத்திருப்பது மனத்தை உறுத்தியது. அதைக் காலிசெய்தால் மறுபடி 24,000 லிட்டர் வேண்டும். காலியான தொட்டி வெயிலில் காய்ந்தால் சுவரும் வளையக்கூடும். எனவே நீரை மாற்றாமல் காப்பது என்று முடிவு செய்தோம். 18 சதுர மீட்டர் பரப்பிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 90 லிட்டர் போகும். மாதத்துக்கு 2,700 லிட்டர். மூடுவிரிப்பு போட்டதும் அதில் பெரும்பகுதி நின்றது. மணல் வடிகட்டியை பேக்வாஷ் செய்யும், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி அழுக்கை வெளியேற்றும் ஒவ்வொரு தடவையும் சில நூறு லிட்டர் வெளியேறும். அழுத்தமானி உண்மையிலேயே ஏறினால் ஒழிய அதைத் தொடவில்லை. அந்தக் கோடையில் குளத்துக்காக ஒரு டேங்கர் கூட வாங்கவில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர்க்காரர்களுக்கு மணல் வடிகட்டியைவிட, கழற்றிக் கழுவும் கார்ட்ரிட்ஜ் வடிகட்டியையே நான் பரிந்துரைப்பேன்.

குறையும் நீரை இப்போது மொட்டை மாடி மழைநீர்த் தொட்டியிலிருந்துதான் ஈடுசெய்கிறோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால், குளோரின் பட்டதும் அது துருவாக மாறிச் சுவரில் பழுப்பாகப் படியும். டைல்ஸில் அவ்வளவாகத் தெரியாத கறை ஜெல்கோட்டில் பளிச்சென்று தெரியும். வைட்டமின் சி மாத்திரையைக் கறைமேல் தேய்த்துப் பாருங்கள். வெளுத்தால் அது இரும்புக் கறை. குளோரின் அளவைக் குறையவிட்டு, அஸ்கார்பிக் அமிலத் தூள் போட்டால் முழுக் கறையும் போய்விடும்.

இன்னொரு எதிரி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). பாசிக்கு அதைக் கொட்டுவது பராமரிப்புக்காரர்கள் பலரின் பழக்கம். எங்களுக்கு வந்த ஒருவரும் கேட்காமலே கொட்டினார். படிகளில் நீலப்பச்சைத் திட்டு விழுந்தது. அதன்பின் மருந்து போடும் வேலையை நாங்களே ஏற்றுக்கொண்டோம். அமில காரத்தன்மை (pH) 7.2க்கும் 7.6க்கும் இடையில், குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை. இந்த இரண்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் சோதனைத் துளியால் பார்ப்பது பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. சித்திரை, வைகாசியில் நீர் சூடேறும்போது குளோரின் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் தினமும் பார்க்க வேண்டும், சாயங்காலத்தில்தான் போட வேண்டும். பெருமழைக்குப் பிறகு நீரின் காரத்தன்மை சரிந்தால், ஆப்ப சோடாவை வாளி நீரில் கரைத்து ஊற்றுகிறோம். பிளீச்சிங் பவுடர் வகைக் குளோரினையும் டிசிசிஏ எனும் மெல்லக் கரையும் குளோரின் மாத்திரையையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் கூடச் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெயோடு இறங்கினால் நீர்மட்டக் கோட்டில் பிசுபிசுவென்று ஒரு வளையம் படியும். பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள் ஜெல்கோட்டைக் கீறிவிடும். ஆப்ப சோடாக் குழைவும் மென்மையான ஸ்பாஞ்சும் போதும். வெளியே ஒரு குழாய் வைத்து, எல்லாரும் குளித்த பிறகே இறங்க வேண்டும் என்று வீட்டில் விதி செய்துவிட்டோம்.

மின்செலவு: ஒரு குதிரைத்திறன் பம்ப் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 8 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 480. வீட்டுப் பயன்பாட்டோடு சேரும்போது கட்டணம் மேல் அடுக்குக்குப் போய்விடும். இதைக் கணக்கில் எடுக்காமல் இறங்காதீர்கள்.

ஜெல்கோட்டின் இன்றைய நிலை: நீருக்கு மேலே தெரியும் பட்டை வெயிலில் மங்கி, சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டுகிறது, பாலிஷ் செய்தால் ஓரளவு திரும்புகிறது. நீருக்குள் கொப்புளம் எதுவும் இல்லை. படிமூலை ஒன்றில் மயிரிழை விரிசல் இருக்கிறது. நீளவில்லை, கண்காணித்து வருகிறோம். மனைவி மழைநாள் தவிர எல்லா நாளும் நீரில் நடக்கிறார். மாடிப்படி ஏறுவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது என்கிறார்.

குழந்தைகள் வருகிற வீடு என்றால் வேலியைப் பற்றி விற்பவர் பேசும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டுக் குளங்கள் மிகுந்த ஆஸ்திரேலியாவில் குறைந்தது 1.2 மீட்டர் உயரத் தடுப்பும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் சட்டப்படி வேண்டும். நாங்கள் அதே அளவில், ஏறிக் கால்வைக்கக் குறுக்குக் கம்பி இல்லாத வேலி போட்டிருக்கிறோம். பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதையும் வைப்பதில்லை. குழந்தைகள் அவற்றில் ஏறித் தாண்டிவிடுவார்கள். முதல் டேங்கர் வாசலுக்கு வருவதற்கு முன்பே இந்த வேலி நிற்க வேண்டும். தொகை போதவில்லை என்றால் விளக்குகளையும் நீரூற்றையும் விட்டுவிடுங்கள்.