கியூபெக் ஐஸ் ஹோட்டல்: கல்யாணத்துக்குச் சரி, சடங்குக்குச் சரிவராது

பனிக்குள்ளே கல்யாணம் வைத்தால் என்ன என்று கேட்கிற பிள்ளைகள் இப்போது நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவே கனடாவின் கியூபெக்கில் பனியாலேயே கட்டுகிற ஹோட்டலான ஓத்தெல் து கிளாஸ் பற்றி எழுதுகிறேன். 2001 முதல் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் புதிதாகக் கட்டுகிறார்கள், வசந்தம் வர உருகிவிடும். இப்போது வால்கார்ட்டியேயில் இருக்கிறது, கியூபெக் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது.

வானத்திலிருந்து விழுகிற ஸ்னோவை அள்ளிக் கட்டுவதில்லை. இயந்திரத்தில் செய்த பனியை உலோக அச்சுகளின் மேல் ஊதி, அது இறுகியதும் அச்சை இழுத்து எடுத்துவிடுகிறார்கள். இந்தப் பனியில் ஈரம் கூடுதல், அதனால் கெட்டியாக நிற்கும். சுவர் ஒரு மீட்டருக்கு மேல் தடிப்பு, வெளியே மைனஸ் 25 அடித்தாலும் உள்ளே மைனஸ் 3, மைனஸ் 5 என்றுதான் இருக்கும். சுவரில் செதுக்கியிருப்பதைக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பாருங்கள், உளி போன கோடு விரலில் தட்டுப்படும். மார்ச்சில் கரைந்துபோகிற வேலைக்கு இவ்வளவு நுணுக்கமா என்று எனக்கு உண்மையாகவே மனம் நெகிழ்ந்துவிட்டது.

கல்யாணம் நடக்கிற சிற்றாலயம்தான் எல்லாவற்றிலும் அழகு. வெள்ளை வளைகூரை, பனிக்கட்டி வாங்குகளின் மேல் மிருகத் தோல். பனி சத்தத்தை உறிஞ்சிவிடுவதால் எதிரொலியே இல்லை, மெல்லப் பேசினாலும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் மணவறை, ஐயர், இரண்டு மணி நேரச் சடங்கு எல்லாவற்றையும் ரொறன்ரோ மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மோதிரம் மாற்றிப் பதிவு செய்கிற சின்ன வைபவம்தான் பொருந்தும், அதுவும் சேலைக்குள்ளே கம்பளி உள்ளாடையோடு. அம்மம்மாவை இந்தக் குளிரில் உட்கார வைக்காதீர்கள். அப்புறம், கியூபெக்கில் சட்டப்படி திருமணம் என்றால் 20 நாளுக்கு முன்பே அறிவித்தல் வெளியாகியிருக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஓடிப்போய்ச் செய்கிற காரியமில்லை.

இரவு தங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். படுக்கைக்கு முன் சுடுநீர்த் தொட்டி, சோனா என்கிற சூட்டறை எல்லாம் உண்டு, ஆனால் உடம்பை நன்றாகத் துடைத்து உலர்த்தாமல் படுக்கிற ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்தால் விடிய விடிய நடுங்குவீர்கள். பருத்தி உடுப்பு வேண்டவே வேண்டாம், வியர்வையை அப்படியே பிடித்து வைத்திருக்கும். கழிவறை வெளியே சூடேற்றிய கட்டடத்தில் இருக்கிறது, நடுச்சாமத்தில் எழும்புகிற பழக்கம் உள்ளவர்கள் யோசித்து முடிவெடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் பகல் நுழைவுச்சீட்டே போதும். உள்ளேயே பனிக்கட்டிச் சறுக்கு இருக்கிறது, பக்கத்தில் அதே வளாகத்தில் டியூபில் உட்கார்ந்து சறுக்குகிற சரிவுகளுக்குத் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும். சறுக்கலைக் காலையில் முடித்து, ஹோட்டலைப் பின்னேரம் பாருங்கள், இருட்டின பிறகு வண்ண விளக்குகளில் அந்தச் செதுக்கல்கள் இன்னும் எடுப்பாகத் தெரியும்.