‘தே கியேரோ’வா, ‘தே ஆமோ’வா? ஸ்பானிஷில் உறவுச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஆங்கில ‘ஐ லவ் யூ’வை ஸ்பானிஷில் மொழிபெயர்க்க இரண்டு சொற்றொடர்கள் போட்டியிடுகின்றன: ‘தே கியேரோ’, ‘தே ஆமோ’. அகராதி இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடும். பேச்சில் அவற்றின் எடை வேறு. ‘தே கியேரோ’வை அம்மாவிடம், நெருங்கிய நண்பரிடம், காதலரிடம் என எல்லோரிடமும் சொல்லலாம். ‘தே ஆமோ’ அதைவிட ஆழமானது. ஸ்பெயினில் பழக ஆரம்பித்த புதிதிலேயே அதைச் சொன்னால் கேட்பவர் திகைத்துப்போவார். லத்தீன் அமெரிக்காவிலோ பல இடங்களில் பெற்ற பிள்ளைகளிடமும் அதைச் சொல்கிறார்கள். யார் யாரிடம், எந்த நாட்டில் பேசுகிறார்கள் என்று தெரியாத வசனத்துக்கு ‘தே கியேரோ’தான் பத்திரம். அதோடு ‘முச்சோ’ (ரொம்ப) சேர்த்தால் அழுத்தம் கூடும் என்று தோன்றும். ஆனால் காதலர்களுக்கிடையே அது பல சமயம் நட்புப் பாசத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

அதிகம் சறுக்குவது ‘ஐ லைக் யூ’வில்தான். ‘மே குஸ்தாஸ்’ என்றால் ஈர்ப்பு. கூட வேலை செய்பவரிடம் நல்லெண்ணத்தில் சொன்னாலும் காதலைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார். வெறுமனே ஒருவரைப் பிடித்திருக்கிறது என்பதற்கு ‘மே காயெஸ் பியென்’. இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு: ‘மே’ என்பது நம் ‘எனக்கு’வேதான். ஆனால் நாம் ‘உன்னை’ என்று சொல்லும் இடத்தில் ஸ்பானிஷில் ‘நீ’ எழுவாயாகிவிடும். வினை அதற்கேற்ப ‘குஸ்தாஸ்’ என்று முடியும். ‘தே குஸ்தோ’ என்று திருப்பிப் போட்டால் ‘உனக்கு என்னைப் பிடிக்கும்’ என்றாகிவிடும்.

பாய்ஃபிரெண்டுக்கு நாட்டைக் கேட்காமல் சொல் போடவே கூடாது. ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் ‘நோவியோ’ போதும். பெரு, பொலிவியா, எக்வடோரில் காதலன் ‘எனமொராதோ’. அங்கே ‘நோவியோ’ என்றால் கல்யாணம் நிச்சயமானவர் என்று புரிந்துகொள்வார்கள். சிலியில் ‘பொலோலோ’. திருமண அழைப்பிதழில் ‘லோஸ் நோவியோஸ்’ என்றிருந்தால் மணமக்கள் என்று பொருள். காதலர்கள் என்று எழுதினால் தப்பு. நிச்சயமானவர் என்று ஐயமில்லாமல் சொல்ல ‘ப்ரொமெத்தீதோ’. பார்ட்னருக்கு ‘பரேஹா’ எங்கும் செல்லும். ‘மி பரேஹா’ ஆணா பெண்ணா என்று காட்டாது என்பதால் படிவங்களுக்கு இதுவே என் தேர்வு. அதே சொல்லுக்கு ஜோடி என்றும் பொருள் உண்டு. ‘சோன் பரேஹா’ என்றால் அவர்கள் இருவரும் ஜோடி.

‘ஐ மிஸ் யூ’வுக்கு லத்தீன் அமெரிக்காவில் ‘தே எக்ஸ்த்ரான்யோ’, ஸ்பெயினில் ‘தே எச்சோ தே மேனோஸ்’. மாற்றிச் சொன்னாலும் புரியும், வேற்றூர்ப் பேச்சாக ஒலிக்கும், அவ்வளவுதான்.

பிரிவுக்கு ‘ரொம்பேர் கோன்’ எங்கும் பொருந்தும் (‘கோன்’ என்றால் ‘உடன்’). ‘தெர்மினார் கோன்’ லத்தீன் அமெரிக்க வழக்கு. ‘மே தெஹோ’வில் பழி ஒரு பக்கம் விழுகிறது: அவர் என்னை விட்டுப் போனார். ஆங்கிலத்தில் இருவரும் பிரிந்தார்கள் என்று இருக்கும்போது இதைப் போட்டால் கதையே மாறும்.

ஆங்கில ‘பேரண்ட்ஸ்’ போல ஒலித்தாலும் ‘பரியெந்தெஸ்’ பெற்றோர் அல்ல, உறவினர்கள். பெற்றோர் ‘பாத்ரெஸ்’. ‘அமாந்தே’யையும் காதலருக்குப் போட வேண்டாம், பெரும்பாலும் கள்ள உறவைத்தான் குறிக்கும். ஒருவரை மணந்தேன் என்பதற்கு ‘மே கசே கோன்’. அந்தக் ‘கோன்’ விடுபட்டால் வாக்கியம் நிற்காது.