லேபிள் இல்லாத நீல மருந்தை மீன் தொட்டியில் ஊற்றாதீர்கள்

வால் கிழிந்த ஒரே ஒரு நியான் டெட்ரா மீனுக்கு மருந்து கேட்டால், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது லேபிள் இல்லாத நீலப் புட்டி. "எல்லாத்துக்கும் இதுதான் சார், தொட்டியிலேயே விட்டுடுங்க." தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்கவில்லை. தண்ணீரைச் சோதித்தாயிற்றா என்றும் கேட்கவில்லை. சில நாளில் நன்றாக இருந்த மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன. திரும்பப் போனால் "மீனே வீக் சார்" என்ற பதிலும் இன்னொரு புட்டியும்தான் கிடைத்தன.

இப்படி விற்கப்படும் நீலம் பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, தனிப் பாத்திரத்தில் வைத்துப் பயன்படுத்த நல்ல மருந்துதான். முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வாழும் பாக்டீரியா சாகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்ற ஆளில்லாமல் அது ஏறிக்கொண்டே போய்ச் செவுளை அரிக்கும். நாமோ நோய் முற்றிவிட்டதென்று நினைத்து அடுத்த டோஸையும் விடுவோம். சிலிகான் ஓரங்களில் ஏறிய நீலமும் போகாது. புட்டியில் தாமிரம் கலந்திருந்தால் இறாலும் நத்தையும் காலி.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலைத் தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். ஃபில்டரில் மருந்தை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் போடுங்கள், ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள், தீனியைக் குறையுங்கள். அம்மோனியா, அது மாறும்போது உண்டாகும் நஞ்சான நைட்ரைட் இரண்டையும் தினமும் சோதித்துப் பாருங்கள். பூஜ்யத்தைத் தாண்டினால் மறுபடி கால் பங்கு மாற்றுங்கள்.

உண்மையில் அந்த வாலுக்கு மருந்தே தேவையில்லை. வெள்ளைப் பஞ்சு போல எதுவும் படராத வரை சுத்தமான தண்ணீரிலேயே துடுப்பு வளர்ந்துவிடும். மற்ற மீன்கள் கடித்தால் மட்டும் 10 லிட்டர் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்: கல், மண் வேண்டாம், பழைய தொட்டியில் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ஒரு குழாய்த் துண்டு போதும். அயோடின் சேர்க்காத உப்பை லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை, தனியே கரைத்து, இரண்டு தவணையாக விடலாம். உப்பு ஆவியாகாது. ஆகவே ஆவியான நீரை ஈடுகட்டும்போது உப்பு சேர்க்கக் கூடாது. வெளியே எடுத்த தண்ணீருக்கு மட்டுமே சேர்க்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். தொட்டியின் அடியில் மேயும் கோரிடோராஸ் போன்ற கெளுத்தி வகை மீன்களுக்கு உப்பு ஆகாது.

பிரித்துக் கொட்டச் சொல்லி உதிரியாகத் தரும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலும் வேண்டாம். கடின நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு அது ஒட்டிக்கொண்டு வீரியம் இழக்கும்.

பிழைக்காது என்று தெரிந்த மீனை ஃப்ரீசரில் வைக்கவோ கழிப்பறையில் விடவோ சொன்னால் கேட்காதீர்கள். இரண்டுமே சித்திரவதை. ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் மீனை விட்டு, வெதுவெதுப்பான நீரில் 2 சொட்டுக் கிராம்பு எண்ணெயைப் பால் போலாகும்வரை குலுக்கி மெல்ல ஊற்றுங்கள். மீன் சாய்ந்து, தொட்டாலும் அசையாத பிறகு, அதேபோல் கலக்கிய 10 சொட்டு. செவுள் நின்றபின் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். அந்தப் பாத்திரமும் வலையும் மறுபடி தொட்டிப் பக்கம் வர வேண்டாம்.