மைக்கைப் பிடிக்க இரண்டு வழிகள்

டிவி கால்பந்து வர்ணனைக்கு நிருபராகத் தொடங்கியும் வரலாம், ஆடி ஓய்வு பெற்ற பிறகும் வரலாம்.

இங்கிலாந்து வர்ணனையாளர் ஜான் மோட்சன் முதல் வகை. பத்திரிகை, அப்புறம் பிபிசி வானொலி, 1971இல் தொலைக்காட்சி. 1972இல் அவர் வர்ணித்த ஆட்டத்தில், பெரிய அணியான நியூகாசிலுக்கு எதிராகச் சின்ன அணியான ஹெரிஃபோர்டின் ரோனி ராட்ஃபோர்டு தொலைவிலிருந்து அடித்த கோல்தான் அவரைத் தூக்கிவிட்டது. கோல் விழும் நொடியிலேயே பெயரைத் தப்பாமல் சொல்ல வேண்டும். வர்ணனையாளர் இருக்கையிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. ஓடும் விதம், சட்டை எண் போன்றவற்றை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாம் வகை, மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடிய கேரி நெவில். 2011இல் ஓய்வு பெற்று, அதே ஆண்டு ஸ்கை ஸ்போர்ட்ஸ் டிவியில் சேர்ந்தார். வேகமான வழிதான். ஆனால் முன்னாள் வீரருக்குப் பெரும்பாலும் துணை வர்ணனையாளர் இருக்கைதான்; ரீப்ளே ஓடும் சில நொடிக்குள் காரணத்தைச் சொல்லி முடிக்க வேண்டும்.

எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். வானொலியில் எல்லாவற்றையும் சொல்லிப் பழகியவருக்கு, படமே பலவற்றைச் சொல்லிவிடும் டிவியில் எப்போது பேசாமல் இருக்கலாம் என்பதும் சீக்கிரமே பிடிபடும்.