புது முட்டிக்கு எந்த வண்டி? புல்லட், ஸ்ப்ளெண்டர், ஸ்கூட்டர்: ஓர் அலசல்

முட்டி மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இம்ப்ளாண்ட், அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு, பற்றியே இருக்கும். எந்தக் கம்பெனி, ஜெர்மனியா அமெரிக்காவா, ரோபோ வைத்துச் செய்வார்களா என்றெல்லாம். டூவீலர் ஓட்டுகிறவர் கேட்க வேண்டியது வேறு: மாற்றப்போவது எந்தக் கால், வீட்டில் நிற்பது எந்த வண்டி. ஓடும் வண்டியில் முட்டிக்குப் பெரிய வேலை கிடையாது. ஏறும்போது, இறங்கும்போது, சிக்னலில் ஊன்றும்போது, ஸ்டாண்டு போடும்போது, பார்க்கிங்கில் இருந்து பின்னால் இழுக்கும்போதுதான் அது படாதபாடு படுகிறது. கீழே ஒப்பிடுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான். எனக்கு மாற்றியது இடது முட்டி. வீட்டில் புல்லட்டும் உண்டு, ஆக்டிவாவும் உண்டு. புல்லட் பக்கம் மனசு சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பாதி முட்டியா, முழு முட்டியா

முட்டியின் உட்பக்கம் மட்டும் தேய்ந்து, நடுவே இருக்கும் சிலுவைத் தசைநார்கள் நன்றாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றலாம். வெட்டு சின்னது, சீக்கிரம் நடக்கலாம், தசைநார் அப்படியே இருப்பதால் கால் 'நம்ம கால்' மாதிரியே இருக்கும். வண்டிக்காரனுக்கு இது பெரிய கவர்ச்சி. ஆனால் 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வைப் பார்த்தால், முழு முட்டி மாற்றியவற்றில் நூற்றுக்கு 82 வரை 25 வருஷம் தாங்குகின்றன. பாதி முட்டியில் அது 70. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, ஐம்பதில் செய்பவருக்குப் பெரிது. இன்னொரு விஷயம்: நம்மூரில் பெரும்பாலானவர்கள் கால் வில்லாக வளைந்து, மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போகிறோம். அந்தக் கட்டத்தில் பாதி முட்டி என்ற பேச்சே எழாது. எழுந்தால் கேளுங்கள், எழாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

'ஹை ஃபிளெக்ஸ்', அதாவது கூடுதலாக மடங்கும் என்று சொல்லி விற்கும் இம்ப்ளாண்ட், போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையம் விதித்த உச்சவரம்பில் சாதாரண கோபால்ட் குரோமியம் முட்டி 54,720 ரூபாய், ஹை ஃபிளெக்ஸ் 56,490, டைட்டானியம் 76,600, ஜிஎஸ்டி தனி. முதல் இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் கூட இல்லை என்பதால் காசுக்காகக் குழம்ப வேண்டியதில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்குத் தொண்ணூறு டிகிரியை ஒட்டிய மடக்கம் போதும். நல்லபடியாகச் செய்த முட்டிகளில் பெரும்பாலானவை 110-ஐத் தொட்டுவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு மடங்கும் என்பதை இம்ப்ளாண்டை விட, ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதுதான் அதிகம் சொல்லும். ரோபோ விஷயத்தில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. நிறைய கேஸ் பார்த்த டாக்டர் கையில் ரோபோ இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இடதா, வலதா

இதைத்தான் யாரும் ஒழுங்காகப் பேசுவதில்லை. இன்றைய கியர் வண்டிகளில் இடது காலுக்கு கியர், வலது காலுக்குப் பின் பிரேக். அதைப் பார்த்து 'இடதுன்னா ஈஸி, பிரேக் வலதுலதானே' என்பார்கள். பாதிதான் சரி.

இடது கால் செய்யும் வேலையைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் என்பதால் நாம் ஏறுவதும் இடப்பக்கம்தான். வலது காலைத் தூக்கிப் போடும் அந்த இரண்டு நொடி, உடம்பின் மொத்த எடையும் இடது முட்டி மேல், அதுவும் லேசாகத் திருகிக்கொண்டு. சிக்னலில் வலது கால் பிரேக்கில் இருக்கும். சாலையும் இடப்பக்கம் சரிந்திருக்கும். ஊன்றுவது இடது கால். சைடு ஸ்டாண்டைத் தள்ளுவதும் அதுதான். கியர் மாற்றுவது இதற்கெல்லாம் முன்னால் ஒன்றுமில்லை. அங்கே வேலை செய்வது கணுக்கால்தான், குதிகாலால் மிதிக்கும் லீவர் இருந்தால் அதுவும் குறையும். ஸ்ப்ளெண்டரில் முன்னால் மிதித்தால் மேல் கியர், பின்னால் குதிகாலால் மிதித்தால் கீழ் கியர். விரலால் தூக்கவே வேண்டாம்.

வலது முட்டி மாற்றியவருக்குத் தொல்லை வேறு விதம். சீட்டைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட வேண்டும். பின்னால் கேரியரோ பேக் ரெஸ்ட்டோ இருந்தால் இன்னும் உயரமாக. சென்டர் ஸ்டாண்டை அழுத்துவதும், பெரும்பாலான வண்டிகளில் கிக்கரை மிதிப்பதும் வலது கால். எல்லாவற்றுக்கும் மேலே பிரேக். ஆட்டோ குறுக்கே வந்தால் யோசிக்காமல் போய் அழுத்த வேண்டிய கால் அது. வலி ஞாபகத்தில் அரை நொடி தயங்கினாலும் போயிற்று. ஆகவே வலது முட்டிக்காரர் தாமதமாகத் தொடங்குவதுதான் முறை. இடது முட்டிக்காரர் சீக்கிரம் தொடங்கலாம், ஆனால் கனமான வண்டியில் அல்ல.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2000-களின் நடுப்பகுதி வரை வந்த காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டில் கியர் வலது, பிரேக் இடது. மேலே சொன்ன பிரேக் கணக்கைத் தலைகீழாக்கிப் படியுங்கள். கிக்கர் மட்டும் வலதுதான், அது திருப்பி அடிக்கும் அடி ஊருக்கே தெரியும். புது முட்டியை அதன் பக்கம் கொண்டு போகவே கூடாது. பழைய யெஸ்டி, ஜாவாவில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே கம்பி, இடப்பக்கம். இடது முட்டி மாற்றியவர் அதைப் பையனுக்குக் கொடுத்துவிடலாம்.

இரண்டு முட்டியையும் ஒரே மூச்சில் மாற்றுவதா, தனித்தனியாகவா? ஒரே மயக்க மருந்து, ஒரே லீவு, ஒரே செலவு என்பதால் நம்மூரில் சேர்த்துச் செய்பவர்கள் நிறைய. ஆனால் இதயத்துக்கும் ரத்த இழப்புக்கும் சேர்த்துச் செய்வதில் ஆபத்து கூடுதல். இதய நோய் உள்ளவர்கள் தனித்தனியாகச் செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். வண்டிக் கோணத்தில் பார்த்தாலும், 'நல்ல கால்' என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருப்பது பெரிய பலம்.

மூன்று வண்டிகள்

நாம் புல்லட் என்றே சொல்லும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ, ஆக்டிவா 106 கிலோ சுமார். ஓடும்போது இந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை, புல்லட்தான் மெத்தென்று போகும். நின்று, கொஞ்சம் சாய்ந்ததும்தான் அந்த 195 கிலோ யார் என்று தெரியும். சரியும் புல்லட்டைப் பிடிக்கப் போய் முட்டியைத் திருகிக்கொள்வதை விட, வண்டியைக் கீழே விட்டுவிடுவது மேல். சொல்வது எளிது; கை தானாகப் பிடிக்கும். கடைக்கு முன்னால் வரிசையில் மாட்டிக்கொண்ட புல்லட்டை உட்கார்ந்தபடியே கால்களால் உந்திப் பின்னால் எடுப்போமே, புது முட்டிக்கு அதை விட மோசமான வேலை கிடையாது. இறங்கி, ஹேண்டிலைப் பிடித்து, இடுப்பைக் கொடுத்துத் தள்ளுங்கள். அல்லது பக்கத்தில் நிற்கும் தம்பியைக் கூப்பிடுங்கள், கௌரவம் பார்க்காமல். புல்லட்டுக்குச் சாதகமாகச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு: 2021-க்குப் பிறகு வந்த கிளாசிக்கில் கிக்கரே இல்லை, பட்டன்தான். இன்னும் தாழ்வாக வேண்டும் என்றால் அதே குடும்பத்தில் மீட்டியார் இருக்கிறது. சீட் 765 மில்லிமீட்டர், கிளாசிக்கில் 805. குட்டையானவர்களுக்கு அந்த நாலு சென்டிமீட்டரில்தான் குதிகால் தரையில் படுவதும் படாததும். மீட்டியாரில் ஃபுட்ரெஸ்ட்டும் முன்னால் தள்ளியிருப்பதால் முட்டி அவ்வளவாக மடங்காது.

ஆக்டிவாவில் காலைத் தூக்கிப் போடும் வேலையே இல்லை. நடுவில் நுழைந்து உட்காரலாம். பிரேக் இரண்டும் கையில், கியர் கிடையாது. வலது முட்டி மாற்றியவருக்கு இதுதான் முதல் வண்டி, மறுபேச்சில்லை. குறைகளும் உண்டு. சின்னச் சக்கரம் பள்ளத்தில் பொசுக்கென்று இறங்கும், அப்போது பேலன்ஸ் போய்ச் சட்டென்று காலை ஊன்ற நேரும்; எதிர்பாராமல் ஊன்றும் காலில்தான் அடிபடுகிறது. ஃபுட்போர்டில் காலை நீட்டவும் இடமில்லை, உயரமானவர்களுக்கு முட்டி ஒரே மடக்கில் கிடக்கும். காய்கறிப் பையை வேறு நடுவில் வைத்தால் காலை எடுக்கும் வழியும் அடைந்துபோகும்.

இரண்டுக்கும் நடுவே ஸ்ப்ளெண்டர் ரக வண்டிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு இது வியப்பு. எடை குறைவு, சக்கரம் பெரிது, நிமிர்ந்த உட்காரல், குதிகால் கியர். இடது முட்டி மாற்றியவருக்கு, ஸ்கூட்டரில் மனம் ஒட்டாதவருக்கு, என் ஓட்டு இதற்குத்தான். கிராமத்துப் பக்கம் என்றால் எக்ஸ்எல் 100-உம் கெட்டதில்லை. எடை 90 கிலோவுக்குள், கியர் இல்லை, தேங்காய் மூட்டை ஏற்றாமல் இருந்தால் சரி.

முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

உடற்பயிற்சியை ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களும், முன்பே தொடங்குபவர்களும் என்று இரண்டு கட்சி. இரண்டாவது கட்சியில் சேருங்கள். தொடையின் முன்தசைதான் முட்டியின் தூண். வலியால் அது ஏற்கெனவே சூம்பிப் போயிருக்கும். முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து ஐந்து எண்ணும் வரை அழுத்துவது, படுத்தபடி நேராகக் காலைத் தூக்குவது, குதிகாலைப் பின்னால் இழுப்பது, இந்த மூன்றும் போதும். வாக்கரைப் பிடிக்கத் தோளும் கையும் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

சுகர் இருந்தால் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கட்டுக்குள் வந்தபின்தான் நல்ல டாக்டர் கத்தி எடுப்பார். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, மழைக்கால ஷூவால் விரலிடுக்கில் வந்த புண், கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட காயம் எல்லாம் ஆறியிருக்க வேண்டும். உள்ளே போகும் உலோகத்தில் கிருமி ஒட்டிவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிப் போடும் நிலை வரும். சிகரெட்டை ஒரு மாதம் முன்பாவது நிறுத்த வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி வாங்கி வைத்துவிடுங்கள். பணம் பிரச்சினை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள், பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பின் எல்லோரும் மடக்குவதையே பேசுவார்கள். எனக்கு வந்த பிசியோ பெண் அதில் ஒரு குண்டு போட்டார்: "அங்கிள், மடக்குறது எப்படியும் வந்துரும். நீட்டுறது வரலைன்னா சிக்னல்ல நிக்க முடியாது." யோசித்தால் புரியும். முட்டி முழுசாக நீண்டால் எலும்பே எடையைத் தாங்கிவிடும். பத்து டிகிரி மடங்கி நின்றால் தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அரை நிமிஷத்தில் நடுங்கும். சுகமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது இதனால்தான் கூடாது. வைத்தால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

ஆறு வாரமா, மூன்று மாதமா

பிரேக் அடிக்கும் வேகம் திரும்ப நாலிலிருந்து ஆறு வாரம் என்பது கார் ஓட்டுகிறவர்களுக்கான பொதுக் கணக்கு. கார் சாய்ந்து விழாது. டூவீலருக்கு மூன்று மாதம் என்று டாக்டர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. விழுந்தால் இம்ப்ளாண்டை ஒட்டிய எலும்பு உடையலாம். அதைச் சரிசெய்யும் ஆபரேஷன் முதல் ஆபரேஷனை விடப் பெரியது. எலும்பு மெலிந்தவர்கள், ஏற்கெனவே தடுமாறி விழும் பழக்கம் உள்ளவர்கள் இனி ஓட்டவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அது அதிகப்படி எச்சரிக்கை அல்ல. டிரமடால் மாதிரி வலி மாத்திரை சாப்பிடும் காலத்தில் சாவியைத் தொடக்கூட வேண்டாம், தூக்கம் கண்ணைச் சுற்றும்.

நாட்காட்டியை விட நம்பத்தக்க சோதனை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மாற்றிய காலில் மட்டும், எதையும் பிடிக்காமல், பத்து எண்ணும் வரை நிற்க முடிகிறதா? சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி இறங்கும்போது முகம் சுளிக்காமல் இருக்கிறீர்களா? யாராவது திடீரென்று 'பிரேக்' என்று கத்தினால் கால் தயங்காமல் போகிறதா? இன்ஜின் அணைத்த வண்டியைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய்த் திருப்பி வர முடிகிறதா? நாலும் ஆமாம் என்றால் விடிகாலைத் தெருவில், பின்னால் யாரையும் ஏற்றாமல், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கலாம். ஊன்றும்போது பாதம் நேராக முன்னோக்கி இருக்கட்டும்; ஊன்றிய காலின் மேல் உடம்பைத் திருப்பாதீர்கள். தழும்பின் வெளிப்பக்கம் மரத்தது போல இருப்பதும், முட்டி சில மாதம் சூடாகவே இருப்பதும் சகஜம்.

இரண்டு முட்டியும் மாற்றி, எதிலும் தைரியம் வராதவர்களுக்கு ஸ்கூட்டரில் பக்கச் சக்கரம் பொருத்தும் வழி இருக்கிறது. பட்டறையில் பொருத்தியதோடு விடாமல் ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி ஆர்சியில் பதிய வேண்டும்; இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பிடிப்பார். நாற்பது தாண்டியவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று கேட்பார்கள். முட்டி மாற்றியதை அந்த டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, நடந்து காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.