மீட்டிங் அறைக் கேமரா: படம் பிரமாதம், ‘உம்’ மட்டும் போய்ச் சேரவில்லை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நண்பர் கேட்டிருந்தார்: “மேசை நடுவில் வைக்கும் அந்த வட்டக் கேமரா விலை நன்றாக இறங்கியிருக்கிறது. உங்கள் ஆபீசில் இருக்கிறதே, வாங்கலாமா?” எங்களுடையது மைக் பழுதாகி, சர்வீஸுக்குப் போய் இப்போதுதான் திரும்பியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் புழங்கிவிட்டதால் பதில் கைவசம் இருக்கிறது.

மெகாபிக்சல் கணக்கை விற்பவர்களே சொல்வார்கள். நாங்கள் கார் பிரேக் மென்பொருளைச் சோதிக்கும் குழு. கோவை அவிநாசி சாலையில் ஆறு பேர் ஒரே அறையில் உட்காருகிறோம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருவர், ஜப்பானின் நகோயாவில் ஒரு பெண்மணி, அவரவர் இடத்திலிருந்து சேர்வார்கள். குளிர்காலத்தில் நமக்கு மதியம் 1.30 என்றால் ஜெர்மனியில் காலை 9, ஜப்பானில் மாலை 5. மார்ச் கடைசி ஞாயிறு ஜெர்மனியில் கடிகாரத்தை மாற்றியதும் நமக்கு 12.30. எப்படியும் சாப்பாட்டு நேரம்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு முகமும் தெளிவாகத் தெரியும். சாலையில் பஸ் ஹாரன் காதைப் பிளந்தாலும் மறுமுனைக்கு ஒரு துளிகூடப் போகாது. வெளியூர் வாடிக்கையாளருக்குச் சோதனை முடிவை விளக்கும் நாளில் இதற்கு இணை கிடையாது.

ஆனால் ஹாரனை வெட்டும் அதே கத்தி, அதாவது கருவியின் இரைச்சல் நீக்கம், நாங்கள் ‘உம்’ கொட்டுவதையும் வெட்டுகிறது. சத்தம் குறைந்த, விட்டுவிட்டு வரும் ஒலி எல்லாம் இதற்கு இரைச்சல். அதோடு இரு முனையிலும் ஒரே நேரத்தில் குரல் எழுந்தால் மெல்லிய குரலை அமுக்கிவிடும். நகோயா சக ஊழியர் பேசும்போது நாங்கள் ஆறு பேரும் ‘ம்’, ‘சரி’ என்று சொல்லிக்கொண்டேதான் இருப்போம். அவருக்குப் போய்ச் சேருவது மயான அமைதி. கேட்பவர் இடையிடையே குரல் கொடுத்தபடி இருப்பது ஜப்பானியருக்கு ஊறிப்போன வழக்கம். பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடுமே, அப்படித்தான். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, “கேட்கிறதா?” என்பார். மூன்றாவது முறை கேட்ட பிறகு சுருக்கமாக முடித்துக்கொள்வார். ஆட்சேபம் இருந்தால் மறுநாள் மின்னஞ்சலில் வரும். ஸ்டுட்கார்ட்காரர்களோ பேசாமல் கேட்டுவிட்டு, முடிந்ததும் “இது சரியில்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவர்கள். மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு மறுநாள் மறுத்து எழுதினால் அவர்களுக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. இத்தனைக்கும் மூன்று ஊரிலும் ஒருவர் மனதிலும் கள்ளம் இல்லை.

இது என் கற்பனை இல்லை. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இணைப்பில் 1.2 விநாடி தாமதம் இருந்தாலே மறுமுனையில் இருப்பவரை நட்பும் கவனமும் குறைந்தவராக மக்கள் எடைபோட்டார்கள். கோளாறு கம்பியில், பழி ஆள்மேல். தொலைதூரக் குழுக்களில் மௌனத்துக்கு என்ன பொருள் என்று தெரியாமல் போவது பெரிய சிக்கல் என்று ஆய்வாளர் கேத்தரின் கிராம்டன் 2001-லேயே எழுதிவிட்டார். இங்கே அந்த மௌனத்தைக் கருவியே தயாரித்துக் கொடுக்கிறது.

இரைச்சல் நீக்கத்தைக் குறைக்க வழி இருக்கிறது. குறைத்தும் வைப்போம். மென்பொருள் அப்டேட் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் பழைய நிலைக்குப் போய்விடும். என்னை எரிச்சலின் உச்சிக்குக் கொண்டுபோவது இதுதான். நகோயா குரலில் தயக்கம் வந்த பிறகுதான் அமைப்பு மாறியிருப்பது எங்களுக்கே தெரியும்.

கேமரா சர்வீஸில் இருந்த வாரங்களில் நாங்கள் ஆறு பேரும் அவரவர் மேசையிலிருந்து லேப்டாப், ஒயர் ஹெட்செட்டோடு சேர்ந்தோம். செயலியில் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டோம். ஹாரனும் கேட்டது, உம் கொட்டுவதும் கேட்டது. திரையில் ஒன்பது பேரும் ஒரே அளவு கட்டத்தில் இருந்தார்கள். அந்த நாட்களில் ஒரு மீட்டிங்கில், ஈரச் சாலைச் சோதனைக்கு ஸ்டுட்கார்ட் குறித்த தேதியைப் பார்த்து, “இந்தத் தேதிக்கு முடியாது, சென்சார் மாற்றிய பிறகு மறுபடி அளவீடு செய்ய வேண்டும்” என்று நகோயா சக ஊழியர் அங்கேயே சொன்னார். காரணத்தைக் கடைசிவரை சொன்னார், யாரும் குறுக்கிடவில்லை. ஸ்டுட்கார்ட் மேலாளர் உடனே தேதியைத் தள்ளிவைத்து, நன்றியும் சொன்னார். அன்றுமுதல் இருவரும் தனியாகவும் அழைத்துப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது சம்பள உயர்வு வந்ததைவிடப் பெரிய சந்தோஷம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வேண்டாம். ஆர்டர்களைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சண்டைசர்களுக்கு ஆளுக்கொரு நல்ல ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள், முடிவெடுக்க வேண்டிய கேள்விகளை முந்தின நாளே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் கருவியை விலைக்குக் கேட்டால் மட்டும் தரமாட்டேன். அடுத்த வாரம் வாடிக்கையாளர் வருகிறார், அந்த ஹாரன் சத்தத்தில் வேறு எதை நம்பி உட்காருவது?