கஹூட்டா, குவிஸ்லெட்டா?

பாடம் முடிந்ததும் ஒரு சின்ன விளையாட்டு வைக்கலாம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, 2013-இல் நார்வேயிலிருந்து வந்த கஹூட் என்ற வினாடி வினாச் செயலி. கேள்விக்கு வழக்கமாக 1000 புள்ளி வரை. சரியான விடையைச் சீக்கிரம் தட்டினால் அதிகம் கிடைக்கும். வகுப்பே கலகலக்கும். ஆனால் நிதானமாக யோசிப்பவர் பின்தங்கிவிடுவார். கேள்வியைப் படிக்காமலே, விடைப் பொத்தான்களில் ஒன்றான சிவப்பு முக்கோணத்தை அமுக்குகிறவர்களும் உண்டு!

சொற்களைப் படிக்க உதவும் இன்னொரு செயலி குவிஸ்லெட். அதன் பொருத்தும் விளையாட்டைத் தனியாகவே ஆடலாம். சொல்லும் விளக்கமும் திரையில் சிதறிக் கிடக்கும். ஜோடி சேர்த்தால் மறையும். சிக்கல் என்னவென்றால், விடையும் கண்முன்னேயே இருக்கிறது. நினைவிலிருந்து தோண்டி எடுக்கும் வேலை குறைவு, மனதில் பதிய வைப்பதோ அந்த வேலைதான். அதனால் குவிஸ்லெட்டிலுள்ள, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் விளக்கமும் கொண்ட அட்டைகளை முதலில் புரட்டச் சொல்வேன்.

நேரலை வகுப்பா, சரி, கஹூட். தனியே படிக்கும் பாடமென்றால் குவிஸ்லெட், இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒருமுறை.